பாறையில் அறைந்த இரும்பு

விழுப்புரத்திலிருந்து செஞ்சிக்கும், திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கும் செல்லும் சாலைகளின் இருமருங்கும் கற்குன்றுகள் மிகுந்த நாடு. நெல்லும் கரும்பும் மணிலாவும் விளையும் வயல்களுக்கு நடுவே, உருண்டைப் பாறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தாற்போல் அவை நிற்கின்றன. மண்டகப்பட்டும், தளவானூரும், பனமலையும், சிங்கவரமும், பெருமுக்கல்லும் இக்குன்றுகளை ஒட்டி எழுந்த ஊர்களே. பல்லவர் முதல் பிரெஞ்சுக்காரர் வரை இந்நாட்டை ஆண்டவர் அனைவரும் இப்பாறைகளின்மேல் ஏறியிருக்கின்றனர். ஏறிய ஒவ்வொருவரும் ஏதோ ஓர் அடையாளத்தை அவற்றின்மேல் இட்டும் சென்றிருக்கின்றனர்.

பாறையில் ஏறுவதற்காகப் பாறையையே மாற்றலாமா? படி வெட்டலாமா? இரும்பு முளை அறையலாமா? அறைந்த இரும்பைப் பின்வருவோர் பிடுங்கலாமா? இவ்வினாக்கள் நம் காலத்தில் மலையேற்றத்தை ஒரு கலையாகப் பயில்வோரிடையே பெரும் வழக்காக வளர்ந்துள்ளன. மேலைநாடுகளில் இவ்வழக்கு நூறாண்டுகளுக்கு மேலாக நடந்து வருகிறது. ஆனால் வினா மேலைநாட்டுக்கு மட்டும் உரியதன்று. நம் இலக்கியத்திலும் கல்வெட்டிலும் அதன் வேர்கள் உள. அவற்றை முதலில் கண்டு, பிறகு அயல்நாடு சென்று, முடிவில் நம் செஞ்சி மலைக்குத் திரும்புவோம்.

விழுப்புரத்திலிருந்து செஞ்சி செல்லும் வழியில் உள்ளது மண்டகப்பட்டு. கி.பி. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட முதலாம் மகேந்திரவர்மன் அங்கே ஒரு பாறையைக் குடைந்து கோயில் ஆக்கினான். செங்கல் இல்லை, மரம் இல்லை, உலோகம் இல்லை, சுண்ணாம்பு இல்லை. இவை நான்கும் இன்றிப் பிரமன், ஈசுவரன், திருமால் ஆகிய மூவருக்கும் விசித்திரசித்தன் அமைத்த கோயில் இது என்று அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு கூறுகிறது. விசித்திரசித்தன் என்பது மகேந்திரனின் பட்டப்பெயர்களுள் ஒன்று. கட்டடக்கலை வரலாற்றில் இக்கல்வெட்டின் சிறப்பை அறிஞர் பலர் விளக்கியுள்ளனர். நமக்கு இங்கு வேண்டுவது அதனுள் ஒலிக்கும் பெருமிதம் ஒன்றே. துணைப்பொருள்களை நாடாது, பாறை ஒன்றையே கொண்டு பணியை முடித்தேன் என்று அம்மன்னன் மகிழ்கின்றான். எதைப் பயன்படுத்தினான் என்பதைக் காட்டிலும் எதைத் தவிர்த்தான் என்பதையே அவன் கல்லில் பொறித்தான். இன்றைய மலையேறிகளுள் ஒருசாரார் பேசும் பேச்சும் இதுவே. முளை இல்லை, துளை இல்லை, கையும் காலும் பாறையுமே துணை என்பதே அவர்களுடைய பெருமை.

ஆயினும் ஒன்றை மறத்தல் ஆகாது. உலோகத்தைத் தவிர்த்தேன் என்ற மன்னன் உளியைத் தவிர்க்கவில்லை. கல்தச்சரின் இரும்புளி பல்லாயிரம் முறை அப்பாறையில் விழுந்த பிறகே மண்டபம் பிறந்தது. ஆகவே, பாறையைத் தொடாத தூய்மை என்பது மண்டகப்பட்டிலும் இல்லை. எந்த நோக்கத்துக்காகத் தொட்டார்கள், தொட்டபின் எஞ்சியது என்ன என்பவையே அங்கு எழும் கேள்விகள்.

செஞ்சிக்கு அருகில் உள்ள திருநாதர்குன்று இதற்கு மறுபுறம் காட்டுகிறது. அங்கே ஒரு பெரும்பாறையின் முகத்தில் சமணத் தீர்த்தங்கரர் இருபத்து நால்வரின் உருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. சந்திரநந்தி ஆசிரியர் என்னும் துறவி 57 நாள் உண்ணாநோன்பு இருந்து உயிர்துறந்த செய்தியை அங்குள்ள பழங்கல்வெட்டு ஒன்று அறிவிக்கிறது. அத்துறவி குன்றின்மேல் ஏறியது வெற்றிக்காக அன்று; உலகைத் துறப்பதற்காக. அவர் பின்வந்தோர் பாறையில் இட்ட எழுத்து, படியைக் காட்டிலும் மெல்லியது. ஆயினும் படியைக் காட்டிலும் விலைமதிப்பற்றது. எந்தக் குன்றின் எந்த முகத்தில் என்ன எழுத்து மறைந்திருக்கும் என்று முன்கூட்டியே அறிந்தவர் இலர்.

இனிச் செஞ்சிக்கு வருவோம். இராசகிரி, கிருட்டிணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் மதிலால் இணைத்து ஒரே அரணாக்கிய கோட்டை அது. ஆனந்தக்கோன் முதலிய கோனார் தலைவர்கள் தொடங்கி வைத்ததாக மரபு கூறும். விசயநகர ஆட்சியில் செஞ்சி நாயக்கர்கள் பெருக்கினார்கள். 1677இல் சிவாசி கைப்பற்றினார். அவருடைய மைந்தர் இராசாராமர் இங்கு அடைக்கலம் புகுந்தபோது, முகலாயப் படை 1690 முதல் முற்றுகையிட்டு, 1698இல்தான் உள்ளே நுழைய முடிந்தது. அதற்குள் இராசாராமர் தப்பிச் சென்றுவிட்டார். 1714இல் தேசிங்கு மன்னன் ஆர்க்காட்டு நவாபுடன் பொருது மாண்டான். 1750இல் பிரெஞ்சுக்காரரும், 1761இல் ஆங்கிலேயரும் கோட்டையைக் கொண்டனர். இவ்வரலாற்றை 1943இல் வெளிவந்த தம் ஆங்கில நூலில் பேராசிரியர் சி. எஸ். சீனிவாசாச்சாரியார் விரிவாகத் தந்துள்ளார்.

இக்கோட்டையில் ஏறும் வழி எவ்வாறு அமைந்தது என்பதே நம் பொருள். இராசகிரியின் உச்சி தரைமட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 800 அடி. அடிவாரத்திலிருந்து படிகள் செல்கின்றன. ஏறி ஏறிச் சென்றவன் உச்சியை நெருங்கும் இடத்தில் திடீரென்று ஒரு பிளவின் விளிம்பில் நிற்பான். இயற்கையே பிளந்த அப்பள்ளம் ஏறத்தாழ 24 அடி அகலமும் 60 அடி ஆழமும் உடையது. அதன்மேல் மரப்பாலம் ஒன்று இருந்தது. அப்பாலத்தை எடுத்துவிடலாம்! படிகளை நிலையாக அமைத்த அதே அறிவு, கடைசி 24 அடிக்கு மட்டும் நிலையற்ற வழியை வைத்தது. நிலையான வழி நண்பனுக்கும் பகைவனுக்கும் ஒன்றாகவே உதவும். வேண்டும்போது இட்டு, வேண்டாதபோது எடுக்கும் வழியே இட்டவனுக்கு மட்டும் உரியது. கோட்டை கட்டியோர் பாதுகாப்புக்காக இதனைச் செய்தனர். பிற்காலத்து மலையேறிகள், அறம் கருதி இதே முடிவுக்கு வந்ததைப் பின்னர்க் காண்போம்.

மராட்டியரிடையே ஒரு கதை உண்டு. 1670இல் சிங்ககடக் கோட்டையைப் பிடிக்கச் சென்ற தானாசி, உடும்பின் இடுப்பில் கயிற்றைக் கட்டிச் செங்குத்துப் பாறையில் ஏவி, அதன் பிடியை நம்பி வீரரை ஏற்றினார் என்பர். வரலாற்று உண்மை அதில் எவ்வளவு என்பது வேறு. உடும்புப்பிடி என்ற சொல் நமக்கும் உரியதே. அப்பிடியின் அழகு யாதெனில், காரியம் முடிந்ததும் உடும்பு தன் வழியே போய்விடும். பாறையில் வடு இராது.

சங்க இலக்கியம் இப்பொருளை எவ்வாறு கண்டது? பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம், செங்கண்மாவைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட நன்னனைப் பெருங்கௌசிகனார் பாடியது. இன்றைய செங்கமே அவ்வூர். கூத்தர்க்கு மலைவழி காட்டும் அப்பாட்டு, வழியின் அழகை மட்டும் பாடாமல் இடர்களையும் ஒன்றுவிடாமல் எச்சரிக்கிறது. இடர் மிகுந்த இடங்களில் பருத்த கொடிகள் சுற்றிய பற்றுக்கோட்டைப் பிடித்துக்கொண்டு, சிறுவரோடு ஒருவரை ஒருவர் காத்துச் செல்லுமாறு அது அறிவுரை கூறும். பிடித்துக்கொள்ள இயற்கை தந்த கொடி; காப்பாற்ற உடன்வருவோர். கயிறுகட்டி ஏறும் இன்றைய முறையின் கரு முழுவதும் இதில் அடங்கியுள்ளது.

அப்பாட்டே வேறொன்றும் கூறுகிறது. குரங்கும் ஏற இயலாத நெடுவரையில், மலைவாணர் நிலையாக நாட்டிய ஏணியே வழியாகத் தேனடைகளைக் கொள்ளை கொள்வர். அந்த ஏணிக்கு மால்பு என்று பெயர். மூங்கிலின் கணுவே அதன் படி. பிழைப்புக்காகப் பாறையில் நாட்டிய நிலைக்காப்பு நம் நாட்டில் எவ்வளவு பழமையானது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? குறுந்தொகையின் 273ஆம் பாட்டில் சிறைக்குடி ஆந்தையார் ஓர் உவமை வைக்கின்றார். பெருந்தேன் தூங்கும் மலையில், பழைய மால்பு இது என்று அறியாமல் ஏறிய பேதையை அவர் நினைவூட்டுகின்றார். காதலைப் பற்றிய பாட்டில் வரும் இவ்வுவமை, மலையேற்றத்தின் மிகப் பெரிய இடரை ஒரே வரியில் அடக்கிவிடுகிறது. முன்னோன் நாட்டிய ஏணி, பின்னோனை அழைக்கும். அதன் உள்ளிருக்கும் உளுத்தலை அவனுக்குச் சொல்லாது. ஏணியே இல்லாதிருந்தால் அவன் ஏறியிருக்க மாட்டான். ஆதலால் ஒரு காப்பை நாட்டியவன், நாட்டிய நாளோடு தன் கடமை முடிந்தது என்று கருதலாகாது.

மலைபடுகடாம் நவிரம் என்னும் மலையைப் போற்றுகிறது. அதனைத் திருவண்ணாமலைக்கு வடமேற்கே உள்ள பருவதமலையாக அறிஞர் பலர் கொள்வர். 4,500 அடியை ஒட்டிய உயரமுடைய அம்மலையின் உச்சியில் மல்லிகார்சுனர் கோயில் கொண்டுள்ளார். உச்சியை நெருங்கும் செங்குத்துப் பகுதியில் பாறையில் கடப்பாரைகளை நட்டு, சங்கிலிகளைப் பூட்டி, இரும்பு ஏணிகளைச் சார்த்தியிருக்கின்றனர். கடப்பாரைப் படி என்றே மக்கள் அதனை வழங்குகின்றனர். பௌர்ணமி இரவுகளில் முதியோரும் பெண்டிரும் அவ்விரும்பைப் பற்றியே மேலேறுகின்றனர். அந்தக் கடப்பாரைகளைப் பிடுங்கி எறிந்து, பாறையின் தூய்மையைக் காப்போம் என்று யாரேனும் சொன்னால், அடியார்கள் அவரை நகைப்பர்; நகைப்பது முறையே. அம்மலைக்கு மக்கள் செல்வது தங்கள் வல்லமையை அளப்பதற்காக அன்று. இறைவனிடம் செல்லும் வழி எளியோர்க்கும் திறந்திருக்க வேண்டும் என்பதே அவ்விரும்பின் நியாயம்.

கடல் கடந்தால் இலங்கையின் சிவனொளிபாதமலை இதே நியாயத்தை இன்னும் விரிவாகக் காட்டும். சைவர், பௌத்தர், இசுலாமியர், கிறித்தவர் ஆகிய நான்கு சமயத்தாரும் போற்றும் மலை அது. வெனிசு நகரத்து மார்க்கோ போலோ 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் அம்மலைச் சங்கிலிகளைப் பற்றிக் கூறினார். 1344இல் அங்கு ஏறிய மொராக்கோ நாட்டுப் பயணி இபின் பதூதா, முன்னோர் பாறையில் படிவெட்டி, இரும்பு முளைகளை அறைந்து, பத்துச் சங்கிலிகளைத் தொங்கவிட்டிருந்ததை விவரித்துள்ளார். பத்தாவது சங்கிலிக்குக் கலிமாச் சங்கிலி என்று பெயராம். அங்கிருந்து கீழே நோக்குவோன் விழுந்துவிடுவோமோ என்ற அச்சத்தால் கலிமாவை ஓதுவானாம். சங்கிலி உயிரைக் காத்தது; ஆனால் அச்சத்தை முற்றும் அகற்றவில்லை. மலையின் பெருமையும் குறையாது, ஏறுவோனின் உயிரும் போகாது நின்ற அந்நிலை, நிலைக்காப்பின் நல்ல அளவு எனலாம்.

வழிபாட்டுக்காகவும் பிழைப்புக்காகவும் போருக்காகவும் மலையேறிய காலம்வரை, இரும்பு அறையலாமா என்பது சண்டையாக எழவில்லை. மலையேறுவதே நோக்கமாகியபோதுதான் எழுந்தது. உச்சியை அடைவது மட்டுமே நோக்கமானால் எந்த வழியும் நல்வழியே. எவ்வாறு அடைவது என்பதும் நோக்கத்தின் பகுதியானால், வழி தானே ஓர் அறமாகிவிடுகிறது.

அமெரிக்காவின் யோசெமிட்டிப் பள்ளத்தாக்கில் அரைக்கோளமாக நிற்கும் ஆப் டோம் என்னும் கருங்கல் மலை இதற்கு முதற்சான்று. மனித அடி அங்கு ஒருநாளும் படாது என்று நிலநூல் வல்லுநர் ஒருவர் எழுதிவைத்தார். 1875இல் சியார்ச் ஆண்டர்சன் என்னும் கொல்லர், வழவழப்பான அப்பாறையில் சில அடிக்கு ஒன்றாகத் துளையிட்டு, காதுள்ள இரும்பு ஆணிகளை இறக்கி, ஒவ்வோர் ஆணியின்மேலும் நின்று அடுத்த துளையை இட்டு உச்சியை அடைந்துவிட்டார். 1919இல் அங்கு இரும்பு வடங்கள் கட்டப்பட்டன. இன்றும் பொதுமக்கள் அவற்றைப் பற்றியே ஏறுகின்றனர். துளையிடும் கருவியும் பொறுமையும் இருந்தால் ஏற முடியாத பாறை உலகில் இல்லை என்பதை ஆண்டர்சன் காட்டிவிட்டார். ஏற முடியாதது என்று ஒன்றும் இல்லையென்றால், ஏறினேன் என்பதில் பெருமை என்ன?

இக்கேள்வியை 1911இல் வெளிப்படையாக எழுப்பியவர் ஆசுதிரியா நாட்டு இளைஞர் பால் பிராய்ஸ். ஆல்ப்சு மலைத்தொடரில் அக்காலத்து இளைஞர் இரும்பு முளைகளைப் பாறைவிரிசல்களில் அறைந்து, புதிய கொக்கி வளையங்களில் கயிற்றை மாட்டி, முன்னோர் அஞ்சிய சுவர்களில் ஏறத் தொடங்கியிருந்தனர். பிராய்ஸ் அதனை மறுத்தார். துணைக்கருவியின்றி இறங்கிவர வல்லமை எவ்வளவு உண்டோ அவ்வளவே ஏற வேண்டும். முளை என்பது ஆபத்துக்கால உதவியாகலாமேயன்றி ஏறும் முறைக்கே அடிப்படையாகலாகாது என்பது அவர் கொள்கை. டோலமைட்டு மலைகளின் புகழ்பெற்ற வழிகாட்டியான தீத்தா பியாசு அவரை எதிர்த்து எழுதினார். உயிரைக் காக்கக் கூடியதை வேண்டுமென்றே ஒதுக்குவது அறமாகுமா என்பது எதிர்க்கட்சியின் கேள்வி. இப்போராட்டம் வரலாற்றில் முளைப்போர் என்றே பெயர்பெற்றது. சொல்லியபடியே வாழ்ந்தார் பிராய்ஸ். கயிறின்றித் தனியே கொடுமுடிகளில் ஏறி இறங்கினார். 1913ஆம் ஆண்டு அக்டோபர் 3ஆம் நாள், தனியே ஏறுகையில் விழுந்து மாண்டார். அப்போது அவருக்கு வயது 27.

அவர் சாவு எக்கட்சிக்குச் சான்று? இரு கட்சியாரும் தத்தமக்கே என்றனர். கொள்கைக்காக உயிர் கொடுத்தார் என்றனர் ஒருசாரார். ஒரு முளை அவரைக் காத்திருக்கும் என்றனர் மற்றொருசாரார். அறிவுடையோர் இரண்டையும் கேட்டுத் தயங்குவரன்றோ! தன் உயிரைத் தான் பணயம் வைக்கும் உரிமை ஒருவனுக்கு இருக்கலாம். ஆனால் பிறர் உயிரையும் அவ்வாறே பணயம் வைக்க வேண்டும் என்று விதிக்கும் உரிமை அவனுக்கு உண்டா? இது முதற் சிக்கல். தன் அச்சத்தைத் தணித்துக்கொள்ள ஒருவன் அறையும் முளை, அச்சமின்றி ஏற வல்ல நாளைய இளைஞனின் பாறையைக் கெடுத்துவிடாதா? இது இரண்டாம் சிக்கல். பிராய்சின் காலம் முதல் இன்றுவரை வழக்கு இவ்விரண்டுக்கும் நடுவே ஊசலாடுகிறது.

சேர்மனியின் சாக்சனி நாட்டு மணற்பாறைக் குன்றுகளில் ஓர் உடன்பாடு காணப்பட்டது. ருடால்ப் பெர்மான் என்பாரின் முயற்சியால் 1913 அளவில் வகுக்கப்பட்ட விதிகள் அங்கு இன்றும் பெரும்பாலும் நிலவுகின்றன. ஒரு வழியில் முதன்முதல் ஏறுவோன், கீழிருந்து ஏறும்போதே, இன்றியமையாத சில இடங்களில் மட்டும் இரும்பு வளையம் பதிக்கலாம். பின்வருவோர் தம் விருப்பப்படி கூட்டலாகாது. இடையிலே வேண்டும் காப்புக்குக் கயிற்று முடிச்சுகளையே விரிசலில் செருக வேண்டும். மென்மையான மணற்பாறையைச் சிதைக்கும் உலோகக் கட்டைகளுக்கு இடமில்லை. முதல்வன் காட்டிய துணிவே அவ்வழியின் அளவுகோல் என்பது இவ்விதியின் உட்பொருள். துளையிட வேண்டியவன் மேலிருந்து வசதியாகத் தொங்கிக்கொண்டு துளையிடாமல், நடுங்கும் காலோடு பாறையில் நின்று துளையிட வேண்டும் என்பதால், தேவையில்லாத வளையம் ஒன்றும் தோன்றாது. கட்டுப்பாடு மனத்தில் மட்டும் இருந்தால் தளரும். வேலையின் கடுமையிலேயே வைத்துவிட்டால் நிலைக்கும் என்பதை அம்மக்கள் அறிந்திருந்தனர்.

யோசெமிட்டியில் எல் காப்பித்தான் என்னும் பெருஞ்சுவர் ஏறத்தாழ 3,000 அடி உயரமுடையது. 1958இல் வாரன் ஆர்டிங்கும் தோழரும் அதன் மூக்குப் பகுதி வழியே முதன்முதல் ஏறினர். பல திங்கள்களில் விட்டுவிட்டு உழைத்து, 125 திருகாணிகளைத் துளையிட்டுப் பதித்தனர். 1961இல் ராயல் ராபின்சும் இரு தோழரும் அதே சுவரில் வேறு வழியே 13 திருகாணிகளோடு ஏறிக் காட்டினர். 1970இல் ஆர்டிங்கு மீண்டும் வேறு பகுதியில் முந்நூறுக்கு மேற்பட்ட துளைகளோடு ஏறியபோது ராபின்சு சினங்கொண்டார். அடுத்த ஆண்டு அவ்வழியே ஏறி, திருகாணிகளை வெட்டியெறியத் தொடங்கினார். ஆனால் மேலே செல்லச் செல்ல, தாம் இகழ்ந்தவரின் உழைப்பும் திறமையும் அவர் கண்ணுக்குப் புலப்பட்டன. வெட்டுவதைப் பாதியில் நிறுத்திவிட்டு, எஞ்சிய வழியை உள்ளபடியே ஏறி முடித்தார். வழக்காடுவோர் எதிராளியின் பாதையில் தாமே நடந்து பார்க்க வேண்டும் என்பதற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு அரிது.

தென்னமெரிக்காவின் செர்ரோ தோர்ரே கொடுமுடியில் சினம் முற்றியது. 1970இல் இத்தாலியர் செசாரே மாயெசுத்ரி, காற்றழுத்தப் பொறியொன்றைக் கயிறுகட்டி மேலேற்றி, நூற்றுக்கணக்கான திருகாணிகளை அப்பாறையில் அறைந்தார். 2012இல் வட அமெரிக்க இளைஞர் இருவர் ஏறி, இறங்கும்போது ஏறத்தாழ 120 திருகாணிகளைப் பிடுங்கிவிட்டனர். மலையை மீட்டனர் என்று ஒருசாரார் புகழ்ந்தனர். நாற்பதாண்டு வரலாற்றை யாரைக் கேட்டு அழித்தனர் என்று மற்றொருசாரார், சிறப்பாக அடிவாரத்து ஊர்மக்கள், கொதித்தனர். அறைவதும் பிடுங்குவதும் ஒரே குற்றத்தின் இருமுகமாக அங்கே தோன்றின. ஊராரைக் கேளாமல் அறைந்தார் ஒருவர். ஊராரைக் கேளாமல் பிடுங்கினர் இருவர்.

இப்பூசல்களுக்கிடையே நல்வழி ஒன்றும் பிறந்தது. இங்கிலாந்து, வேல்சு நாட்டு மலையேறிகள் முளை அறைவதை நெடுங்காலமாக இழிவாகக் கருதி, விரிசலில் கூழாங்கல்லைச் செருகி அதனைச் சுற்றிக் கயிறு கட்டுவர். பின்னர்ப் புகைவண்டிப் பாதையோரம் கிடந்த இரும்பு நட்டுகளில் கயிற்றைக் கோத்து அவ்வாறே செருகினர். அமெரிக்காவில் முளை செய்து விற்றே வாழ்ந்த ஈவான் சுய்நார்டு, தம் முளைகள் அறைந்து பிடுங்கப்பட்டுப் பாறைவிரிசல்கள் சிதைவதைக் கண்டார். 1972இல் தம் விற்பனைப் பட்டியலிலேயே, முளையை விடுத்துக் கையால் செருகி எடுக்கும் உலோக ஆப்புகளைப் பயன்படுத்துங்கள் என்று வேண்டினார். தம் வாணிகத்துக்கு அடிப்படையான பொருளைத் தாமே தள்ளிவைத்த வணிகர் எத்தனை பேர்! முதல்வன் செருகியதைப் பின்வரும் தோழன் எடுத்துக்கொண்டு ஏறுகின்றான். பாறையில் ஒன்றும் எஞ்சுவதில்லை. செஞ்சியின் எடுக்கும் பாலம் வேறொரு வடிவில் மீண்டது எனலாம்.

ஆனால் ஆப்பு செருக விரிசல் வேண்டும். விரிசலே இல்லாத வழவழப்பான கருங்கல் முகத்தில், ஒன்று திருகாணி, அன்றேல் திரும்பிப் போதல். இங்குதான் வழக்கு இன்னும் முடியவில்லை. அமெரிக்கக் காட்டுப்பகுதிகளில் நிலைக்காப்பைக் கட்டுப்படுத்த 2023இல் அரசு முன்வைத்த வரைவு எதிர்ப்பால் கைவிடப்பட்டது. 2025 சனவரியில் மலையேறிகளின் வழக்கத்தை ஏற்கும் சட்டமே வந்தது. நம் நாட்டிலும், முற்காலச் சளுக்கியரின் குடைவரைகள் விளங்கும் வாதாபியின் செம்மணற் பாறைகளில் திருகாணி பதித்த ஏறுவழிகள் பல உள்ளன.

இனி நம் மாவட்டத்துக்குத் திரும்புவோம். செஞ்சிக் கோட்டை நடுவண் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. 1958ஆம் ஆண்டுச் சட்டமும் 2010இல் அதற்குச் செய்த திருத்தமும், காக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்துவதைக் குற்றமாக்கியுள்ளன. அதனைச் சுற்றி 100 மீட்டர்வரை புதிய கட்டுமானத்தையும் தடுக்கின்றன. 2025ஆம் ஆண்டு சூலை 11ஆம் நாள், மராட்டியப் படையரண்கள் என்ற வரிசையில் பன்னிரண்டு கோட்டைகளுள் ஒன்றாகச் செஞ்சியும் உலக மரபுச் சின்னமாயிற்று. ஆகவே அங்கு துளையிடலாமா என்ற கேள்விக்குச் சட்டம் விடை கூறிவிட்டது. ஆனால் சட்டத்தின் எல்லைக்கு வெளியே நிற்கும் குன்றுகள் எத்தனை! கீழ்வாலைப் பாறைகளில் தொல்மாந்தர் தீட்டிய செந்நிற ஓவியங்கள் உள்ளன. திண்டிவனத்தை அடுத்த பெருமுக்கல் மலைக் குகையில் பாறைக்கீறல்கள் உள்ளன. இவை மங்கலானவை; அறியாதவன் கண்ணுக்குக் கறையாகவும் கீறலாகவும் மட்டுமே தோன்றும். அதே வட்டாரத்தில் கல்லுடைக்கும் தொழில் குன்றுகளையே தின்றுவருவதையும் காண்கிறோம். குன்று முழுவதும் சல்லியாகும் நாட்டில், விரலளவு துளையைப் பற்றிப் பேசுவானேன் என்று கேட்கலாம். பெருந்தீமை நடக்கிறது என்பது சிறுதீமைக்கு அனுமதியாகாது; அன்றியும், பாறையின் விரலளவு இடத்தை மதிக்கக் கற்ற இளைஞனே குன்று முழுவதையும் காக்க முன்வருவான்.

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறும் முடிவுகள் சில. எளியோர் செல்லும் வழியில் உள்ள இரும்பை, வல்லவரின் பெருமைக்காக அகற்றலாகாது. பருவதமலையின் கடப்பாரை பருவதமலைக்கே உரியது. வல்லமையை அளப்பதற்காக ஏறும் பாறையில், செருகி எடுப்பது போதுமான இடத்தில் துளையிடலாகாது. முதல்வன் துணிந்த அளவைப் பின்வந்தோன் தன் அச்சத்துக்கு ஏற்பக் குறைக்கலாகாது. எழுத்தும் ஓவியமும் சிற்பமும் உள்ள குன்றிலும், உள்ளனவோ என்ற ஐயம் உள்ள குன்றிலும் உளி எடுக்கவே கூடாது. ஊரார் வழிபடும் மலையானால் ஊராரின் இசைவு முதலில் வேண்டும். இவ்வளவுக்கும் பிறகு ஒரு திருகாணி இன்றியமையாதது என்று அறைந்தால், அதனை அறைந்தவர் பராமரிக்க வேண்டும். துளைக்குள் புகும் நீர் இரும்பை உள்ளுக்குள்ளேயே அரிக்கும். வெளித்தலை மின்னும்போதே உட்தண்டு உளுத்திருக்கும். அதனை நம்பித் தொங்குபவன் ஆந்தையார் கண்ட பேதையின் நிலையை எய்துவான். அப்போது பேதைமை அவனுடையதன்று, நாட்டிவிட்டு மறந்தவனுடையது.

விரிசலில்லாப் பாறையின் முன் நிற்கும் இளைஞனுக்கு மூன்றாம் வழியும் உண்டு. இன்று என்னால் இயலாது என்று ஒப்புக்கொண்டு திரும்பலாம். தோல்வியாகத் தோன்றும் அச்செயல், இன்னும் பிறவாத ஒருவனுக்கு அப்பாறையை முழுமையாக விட்டுச் செல்லும் கொடையாகும். செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணாம்பும் இன்றி ஒரு கோயிலை ஆக்கினேன் என்று மண்டகப்பட்டில் ஓர் அரசன் எழுதிவைத்தான். ஏறாமல் விட்டதைக் கல்லில் யாரும் எழுதிவைப்பதில்லை. ஆயினும் வடுப்படாத பாறை ஒவ்வொன்றும், ஒருவர் தம் ஆசையை அடக்கிக்கொண்டதற்குச் சான்றாகவே நிற்கும்.